வழிமொழிய ஆளில்லை

மிஸ் விட்கம் கூப்பிடுகிறார் என்றதுமே விஷயம் நல்லதில்லை என்று செல்மாவுக்குப் புரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் டீன். நல்ல செய்தியாக இருந்தால் வராந்தாவில் போகிறபோக்கில் சொல்லிவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொன்ன செய்தி எதுவும் இதுவரை எந்தப் பெண்ணுக்கும் நல்லதாக இருந்ததில்லை.

மேசைமேல் கசங்கிய செய்தித்தாள் ஒன்று கிடந்தது. பக்கத்து மாவட்டத்துப் பத்திரிகை. முட்டைக்காரி முட்டை சுற்றிக் கொண்டுவந்த தாள். அதில் கோர்ட்டில் பதிவான கல்யாணங்களின் வரிசையில் எமில் நோவாக், செல்மா லிண்ட்குவிஸ்ட் என்று பொடி எழுத்தில் இருந்தது. ஊரை விட்டு ஊர் போய்த் தாலுகா எழுத்தர் முன்னால் நின்று கட்டிக்கொண்ட கல்யாணம், கடைசியில் முட்டையோடு வந்து சேர்ந்துவிட்டது.

"உட்காரு. நான் உன்னை மிஸ்னு கூப்பிடணுமா, மிஸஸ்னு கூப்பிடணுமா?"

"செல்மான்னே கூப்பிடுங்க, மிஸ்."

மிஸ் விட்கம் கத்தவில்லை. கத்தியிருந்தால் செல்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஒரு பேரம் பேசினார். ஆசிரியப் படிப்பில் முதல் தரத்தில் வரும் பெண்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் கௌரவச் சங்கத்துக்கு அவர் ஆலோசகர், செல்மா செயலாளர். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்தின் கடைசிக் கூட்டம். அதில் செல்மா தானாக விலகிவிட வேண்டும். விலகினால் செய்தித்தாள் அடுப்புக்குப் போகும். ஆல்டர் க்ரீக் பள்ளிக்கூடத்தில் செல்மாவுக்காகக் காத்திருக்கும் வேலைக்கு, 'மிஸ் லிண்ட்குவிஸ்ட் தங்கமான பெண்' என்று கடிதமும் போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் அது. ஆண்களே ஊர் ஊராக வேலை தேடி ரயிலேறிக்கொண்டிருந்த பஞ்சகாலம். கல்யாணமானவளுக்கு டீச்சர் வேலை எதற்கு, ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதாதா என்று எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட போர்டுகள் எல்லாம் ஒரே பாட்டாகப் பாடின. புருஷனுக்கே சம்பளம் இல்லாத வீட்டில் எந்த ஒன்று போதும் என்று அந்தப் புண்ணியவான்களை யாரும் கேட்கவில்லை.

"மினிட்ஸ் புத்தகத்துல என்னன்னு எழுத, மிஸ்?"

"புதுசா யோசிக்க வேண்டாம். வார்த்தை தயாரா இருக்கு." மிஸ் விட்கம் அலமாரியைத் திறந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். "இதோ. 'சொந்த விருப்பத்தின் பேரில் சங்கத்திலிருந்து விலகினார். சங்கம் அவருக்கு நன்றி கூறுகிறது.' இதையே எழுது, பேரை மாத்திக்க."

செல்மா பார்த்தாள். அடுத்த வருஷத்துப் பக்கத்திலும் அதே வரி இருந்தது. அதற்கும் அடுத்த வருஷத்தில் இன்னொரு பெண்ணுக்கு, அரைப்புள்ளிகூட மாறாமல் அதே வரி. இந்தப் புத்தகங்களை அவள் முன்பே புரட்டியிருக்கிறாள். இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்ந்துவிட்டு எதற்காக இந்த அசடுகள் விலகிப் போயின என்று அப்போது நினைத்திருக்கிறாள். இப்போது அவளுக்குக் காது மடல் சுட்டது.

"இவங்க யாருமே விரும்பி விலகலையா, மிஸ்?"

"மே மாசம் இந்தப் புத்தகம் லைப்ரரி ஆவணக் காப்பறைக்குப் போகுது. நூறு வருஷம் அங்க இருக்கும். திறந்து பார்க்கிறவன் நம்ம பொண்ணுங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை படிக்கட்டும். அதுக்குத்தான் இவ்வளவும்." மிஸ் விட்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதையெல்லாம் விட்டுட்டு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, மிஸ். அதையும்தான் யாரும் எங்கேயும் எழுதி வைக்கலையே."

மிஸ் விட்கம் கதவைத் திறந்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எமில் வெண்ணெய் ஆலையில் வேலை பார்த்தான். வாரத்தில் பாதி நாள்தான் கூப்பிடுவார்கள். செல்மா போனபோது பின்வாசல் படியில் உட்கார்ந்து, அவன் அம்மா சுட்டனுப்பிய கசகசா கொலாச் ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளுக்கும் பாதி கொடுத்தான்.

"வேலைய வாங்கிக்க. அங்க நீ மிஸ்ஸாவே இரு. சனி ஞாயிறுல நான் உன் அண்ணன்னு சொல்லிக்கிட்டு வர்றேன்."

"மூஞ்சியப் பாரு. எங்க வம்சத்துல இப்படி ஒரு மூக்கு கிடையாது."

"அப்ப பியானோ ரிப்பேர் பண்றவன்னு சொல்லு."

"அந்த ஸ்கூல்ல பியானோவே இல்ல, எமில்."

"அதனாலதான் வாராவாரம் வந்து தேடுறேன்னு சொல்லு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டாள். அந்த வேலை அவளுக்கு வேண்டும். பதினாறு வயதில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளை மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து வேறு எதையும் அவள் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட்டது எமிலை மட்டும்தான். இரண்டில் ஒன்றை ஒளித்துவைத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்றால் அது என்ன நியாயம்?

எமில் கையைத் துடைத்துக்கொண்டான். "என்ன வேணா செய், நான் கோவிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. என்னைக் கட்டிக்கிட்டதை ஒரு திருட்டு மாதிரி உன் கையாலேயே எழுதிடாத."

ஞாயிற்றுக்கிழமை விடுதிக் கூடத்தில் காப்பியும் பன்றித்தொடை சாண்ட்விச்சும் வைத்துச் சங்கம் கூடியது. தலைவி யூனிஸ் டாலிவர், கூட்ட விதிப் புத்தகத்தைப் பைபிளுக்கு மேலாக மதிப்பவள். இவளுக்கு முன்னால் தும்முவதென்றால்கூட ஒருவர் முன்மொழிந்து ஒருவர் வழிமொழிய வேண்டும் என்று பெண்கள் கேலி செய்வார்கள். வருஷம் முழுக்க எல்லோரையும் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தாள். முன்மொழிபவர் பெயரும் வழிமொழிபவர் பெயரும் புத்தகத்தில் ஏறாமல் ஒரு பூங்கொத்துகூட வாங்கியதில்லை அந்தச் சங்கம்.

பூங்கொத்து விவகாரமெல்லாம் முடிந்தது. முட்டைத்தாள் சேதி அதற்குள் விடுதி முழுக்கப் பரவியிருந்தது. யூனிஸ் தொண்டையைச் செருமினாள்.

"செல்மா ஏதோ சொல்லணும்னாளாம்."

"நான் எதுவும் சொல்லணும்னு சொல்லலையே," என்றாள் செல்மா. பேனா பிடித்த கையின் மணிக்கட்டை மேசையில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த மிஸ் விட்கம் கோப்பையைக் கீழே வைத்தார். "அவ விலகல. அப்படின்னா நீங்கதான் நீக்கணும்."

தலைவி தீர்மானம் கொண்டுவரக் கூடாது. ஆலோசகருக்கு ஓட்டே கிடையாது. எல்லோரும் அவரவர் சாண்ட்விச்சை ஆராய்ந்தார்கள். கடைசியில் கோரா எழுந்தாள். மிஸ் விட்கமின் செல்லப்பிள்ளை. வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் மூச்சுவாங்க ஓடிவரும்.

"செல்மாவைச் சங்கத்துலேருந்து நீக்கணும்னு முன்மொழியிறேன்."

செல்மா எழுதினாள். எழுதி நிறுத்தினாள். "காரணம்?"

"காரணம் எல்லாருக்கும் தெரியும்."

"புத்தகத்துக்குத் தெரியாதே, கோரா."

"ஒழுங்கீனம்னு எழுது," என்றார் மிஸ் விட்கம்.

யூனிஸ் பக்கங்களைப் புரட்டினாள். பாவம், பொய் சொல்ல வராத பிறவி. "மிஸ், நம்ம சட்டத்துல ஒழுங்கீனம்னா பரீட்சையில காப்பியடிக்கிறது, சந்தா கட்டாதது, சங்கத்துப் பேரைச் சொல்லி ஏமாத்துறது, இவ்வளவுதான். கல்யாணம் இதுல வரல."

"அட, கல்யாணம் பண்ணிக்கிட்டான்னே எழுதுடீ! அதானே விஷயம்!" என்று கோரா வெடித்தாள்.

"நன்றி," என்று சொல்லி அதை அப்படியே எழுதிக்கொண்டாள் செல்மா. "வழிமொழியிறது யாரு?"

கையைத் தூக்கிவிட்டுப் போவது வேறு. நூறு வருஷம் இருக்கப்போகும் புத்தகத்தில் தன் பெயர் ஏறுவது வேறு. ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். ஒருத்தி காலணியின் பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். செல்மாவுக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்துவிட்டது.

"நான்," என்றாள் பெர்த்தா.

பெர்த்தா செல்மாவோடு இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவள். குளிர்காலத்தில் இருவரும் ஒரே கம்பளியைப் பகிர்ந்துகொண்டார்கள். கல்யாணத்தன்று செல்மா போட்டிருந்த கையுறை பெர்த்தாவுடையது. அவளுடைய சிபாரிசுக் கடிதம் இன்னும் கையெழுத்தாகாமல் மிஸ் விட்கமின் மேசையில் கிடந்தது. கடையை மூடிய அப்பாவும் மூன்று தங்கைகளும் அந்தக் கடிதத்தை நம்பித்தான் இருந்தார்கள். அதெல்லாம் செல்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு வலித்தது. எதிரி அடித்தால் திருப்பி அடிக்கலாம். கூடப் படுத்துத் தூங்கியவள் அடித்தால் என்ன செய்வது? பெர்த்தாவின் முழுப் பெயரையும் அவள் நிதானமாக, தெளிவாக எழுதினாள்.

கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

"அப்ப இவ மெம்பரே இல்ல. இன்னும் என்ன பேனாவப் பிடிச்சிக்கிட்டு?" என்றாள் கோரா.

"வேற செயலாளரைத் தேர்ந்தெடுக்கிற வரைக்கும் இவதான் எழுதணும்," என்றாள் யூனிஸ். "நீ நிக்கிறியா?"

கோரா உட்கார்ந்துவிட்டாள்.

கடைசிக் கூட்டம் என்பதால் குறிப்பை அன்றைக்கே வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். செல்மா எழுந்து வாசித்தாள். பூங்கொத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடவில்லை. "செல்மா லிண்ட்குவிஸ்ட், இந்த வருஷம் மதிப்பெண்ணில் முதலாவது. திருமணம் செய்துகொண்ட காரணத்தால் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் விலக மறுத்தார்." அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. உடையாததில் அவளுக்கே ஆச்சரியம். பிறகு உட்கார்ந்து, கீழே கையெழுத்துப் போட்டாள்: செல்மா நோவாக். அந்தப் பெயரை மையில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தி எல்லோரையும் பார்த்தாள்.

மிஸ் விட்கம் வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். கழுத்து வரை சிவந்துவிட்டார்.

"இந்தப் பத்தி இருக்கக் கூடாது. கோடு போட்டு அடி."

"அதுக்கும் தீர்மானம் வேணும், மிஸ்," என்றாள் யூனிஸ், விதிப் புத்தகத்தைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு. "தீர்மானம் நிறைவேறினாலும் குறுக்கே ஒரே ஒரு கோடுதான் போடலாம். அடியில இருக்கிற எழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல நான் கையெழுத்துப் போடணும்."

"படிக்கிற மாதிரியா? அப்புறம் எதுக்கு அடிக்கிறது?"

"எதை அடிச்சோம்னு பின்னால தெரியணுமாம், மிஸ். விதி அப்படித்தான்."

செல்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால், சோறு பற்றாமல் போய்விட்டது.

"கோரா!" என்றார் மிஸ் விட்கம்.

கோரா அரைகுறையாக எழுந்தாள். "அடிக்கணும்னு... முன்மொழியிறேன்." முன்பு இருந்த வேகம் இல்லை.

"வழிமொழியிறது யாரு?" என்று யூனிஸ் கேட்டாள்.

எல்லோரும் பெர்த்தாவைப் பார்த்தார்கள். மிஸ் விட்கமும் பார்த்தார். கடிதத்தை வைத்துக்கொண்டிருக்கும் பார்வை அது. பெர்த்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், மிஸ். அதுக்கு மேல என்னால முடியாது."

இப்போது ஜன்னலையும் காலணியையும் யாரும் பார்க்கவில்லை. நேராக மிஸ் விட்கமைப் பார்த்தார்கள்.

"வழிமொழிய ஆளில்லை. தீர்மானம் விழுந்தது," என்றாள் யூனிஸ். அவள் குரலில் ஒரு துளி சந்தோஷம் தெரிந்தது. வெட்கப்பட்டு உடனே அதை விழுங்கிக்கொண்டாள்.

மிஸ் விட்கம் கையை நீட்டினார். செல்மா சட்டையிலிருந்து சங்கத்தின் விளக்கு வடிவச் சின்னத்தைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். பதினெட்டு மாதமாகத் தினமும் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டது. வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

"ஆல்டர் க்ரீக் போர்டுக்கு இன்னைக்கே எழுதுறேன்," என்றார் மிஸ் விட்கம். குரல் கிறீச்சிட்டது. "அந்த வேலை உனக்குக் கிடையாது. இந்த மாநிலத்துல எந்தப் பள்ளிக்கூடமும் உன்னை வாசல்ல சேர்க்காதபடி நான் பார்த்துக்கிறேன். கேட்குதா?"

கூட்டம் முடிந்ததாக யூனிஸ் இன்னும் அறிவிக்கவில்லை. செல்மா பேனாவை மைக்கூட்டில் தோய்த்தாள்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, மிஸ். எழுதிக்கிட்டிருக்கேன்."