மாற்றிச் சொன்னது

ஜெயபாலன் அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு இரண்டு முறை நழுவியது. விடிகாலையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லை.

அப்பா ஐயாவு முப்பத்தைந்து வருடம் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எழுபத்தொன்பது வயதில் மனைவி நல்லம்மாள் இறந்ததும் ஈப்போவுக்கு, மகன் வீட்டுக்கு வந்தார். வந்ததிலிருந்து பேச்சில்லை, சாப்பாடில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது மனநலப் பிரிவில் இருந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஜெயபாலன்தான் மொழிபெயர்க்க இடையில் உட்கார்ந்தான்.

"ஒங்கம்மா தெனம் வாராய்யா. மரத்துக்கிட்ட நின்னு பேசுறா. பயமா இல்ல. அவ போனப்புறந்தான் நெஞ்சு கனக்குது" என்றார் அப்பா.

அப்படியே சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள். "அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை" என்று மட்டும் மலாயில் சொன்னான். இரண்டு வருடம் தூக்க மாத்திரை. அப்பா பகலிலும் தூங்கினார்.

போன வருடம் தைப்பிங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் டாக்டர் குல்ஜார் பேகம். முதல் நாளே, "நீங்க வெளிய இருங்கண்ணே. அவருகிட்ட நான் தமிழ்லயே பேசிக்கிறேன்" என்றார். செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம். மாத்திரை குறைந்தது. ஒருநாள் அப்பா தானாகவே மருமகளைக் கூப்பிட்டார். "மீன் வாங்கும்மா. நல்லம்மாளுக்குப் படைக்கணும். டாக்டரம்மா படைக்கலாம்னு சொன்னாங்க." அன்று அவரும் சாப்பிட்டார்.

சாவு வீட்டுக்கு மதியம் டாக்டர் வந்தார். உடலருகே சற்று நேரம் நின்றுவிட்டு வாசலுக்கு வந்தார். ஜெயபாலன் பின்னாலேயே போனான்.

"டாக்டர், அப்பா உங்ககிட்ட என்னதான் பேசுனாரு?"

"அது அவரோடதுண்ணே. ஒன்னு மட்டும், நீங்க கேட்டா சொல்லச் சொன்னாரு." தயங்கினார். "மொத டாக்டர்கிட்ட நீங்க மாத்திச் சொன்னது அவருக்குத் தெரியும்."

"எப்படி?"

"தோட்டத்துல மலாய்க்காரங்களோட அத்தன வருசம் வேல செஞ்சவருலா. பேச வராட்டியும் கேட்டாப் புரியும். 'பையன் வெக்கப்படுறான், போவட்டும்'னுட்டு சும்மா இருந்துட்டாராம்."

 

"மச்சான், வேன் வந்துருச்சு. தூக்கலாமா?" உள்ளேயிருந்து மைத்துனன் பத்துமலை கூப்பிட்டான்.

வாசல் முழுக்கச் செருப்புகள் இறைந்து கிடந்தன. தூக்கிப் போக வழி வேண்டும். ஜெயபாலன் குனிந்து, அவற்றை ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துப் பார்த்து எடுத்துச் சுவரோரம் வைக்கத் தொடங்கினான்.