வட்டமிட்ட எண்கள்

"நீதான் கேக்கணும்."

"நான் எப்படிங்க கேப்பேன்?"

"வாயாலதான். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட வம்பு கேக்கும்போது மட்டும் நல்லா வருதே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைத் தரையில், தலையில் பாதி சோப்பு நுரையோடு அவள் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் வைத்திருந்த கருவி அன்று காலை மட்டும் மூன்று முறை அவரை உதைத்திருந்தது. மூன்றாவது அடி விழுந்தபோது அவள் அவருடைய தோளைப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கையிலும் சுரீரென்று ஏறியது. அப்போதுதான், இவ்வளவு நாளும் அவர் சொல்லிக்கொண்டிருந்தது எதை என்று அவளுக்கு உறைத்தது.

"பாவம், அந்த டாக்டர் பொண்ணு. ஏழு தடவை காப்பாத்திட்டோம், எட்டுத் தடவை காப்பாத்திட்டோம்னு சந்தோஷப்படுது. அது முகத்தைப் பாத்து, வேண்டாம்மா, நிறுத்திடுன்னு சொல்ல எனக்கு வராது. நீ சொல்லு."

"சரி" என்றாள், நுரையைத் துடைத்துவிட்டபடியே. அந்தச் சரிக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது.

இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் மேடு தட்டியிருந்தது அந்தக் கருவி. இதயம் தாளம் தப்பித் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால் மின்சாரம் பாய்ச்சி அதை வழிக்குக் கொண்டுவரும். வைத்து இரண்டு வருடமாகிறது. இதயம் பலவீனமானவர்களை வீட்டிலிருந்தபடியே கண்காணித்தால் அவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று அந்த மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அவரும் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார். கட்டில் பக்கத்தில் வைத்த ஒரு சின்னப் பெட்டி, அவருடைய நெஞ்சுக்குள் நடப்பதையெல்லாம் தினமும் மருத்துவமனைக்குச் சொல்லியது.

அவர்தான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். "பொண்ணு பெறாத வீட்டுக்கு எப்படியோ ஒரு மாப்பிள்ளை வந்து உக்காந்துட்டான். எப்ப கோபம் வரும்னு தெரியாது. வந்தா உதைப்பான். நாமதான் மரியாதை குடுத்துப் போகணும்." முதல் வருடத்தில் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு தடவைதான் கோபம் வந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாவது வருடத்தில் சிரிப்பு தீர்ந்துபோயிற்று. இப்போது பல் தேய்க்கும்போதும், சட்டைக்குக் கை விடும்போதும், சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும்கூட, அடுத்தது எப்போது என்று அவர் உடம்பு காத்துக்கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. அடி விழாத நாட்களிலும் அவர் அடி வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அதனால் அவர் கணக்கு இப்படி இருந்தது: "கயிறு அறுந்து விழுந்தா பிரேக் பிடிக்கணும். நியாயம். ஆனா நான் விழலையேடி. மெதுவா, தானா, தரைத் தளத்துக்கு இறங்கிட்டிருக்கேன். இது என்னடான்னா ஒவ்வொரு மாடியிலயும் உதைச்சு நிறுத்துது. நிறுத்தி என்ன பண்றது? கதவைத் திறந்து பாத்தா அங்கயும் ஒண்ணுமில்ல."

நோயாளி விரும்பினால் அந்த அதிர்ச்சியை மட்டும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று முதல் நாள் கொடுத்த புத்தகத்திலேயே அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தை அவர் மடித்து வைத்திருந்தார். அதற்கடுத்த வரியையும் அவள் படித்திருந்தாள். நிறுத்திய பிறகு தாளம் தப்பினால், அதைத் திருப்பிக் கொண்டுவர எதுவும் இருக்காது.

மாதம் ஒரு படிவம் வரும். பன்னிரண்டு கேள்விகள். மூச்சு வாங்குவது உங்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது? அதிர்ச்சியை நினைத்து எவ்வளவு பயப்படுகிறீர்கள்? ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள். ஒன்று என்றால் தொந்தரவே இல்லை, ஐந்து என்றால் தாங்க முடியவில்லை. மாத்திரையால் அவருக்குக் கை நடுங்கியதால் எழுதுகிற வேலை அவளுடையதாயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைச் சொல்வார், அவள் வட்டமிடுவாள். ஒரு மாதம் அவர் வரிசையாக "அஞ்சு, அஞ்சு, நாலு, அஞ்சு" என்றபோது அவள் பேனா தயங்கியது. இவ்வளவு மோசம் என்று தெரிந்தால் ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிடுவார்களோ, அப்புறம் யார் இவரைப் பார்ப்பார்கள் என்ற பயம். இரண்டில் வட்டமிட்டாள். அடுத்த மாதம் அந்தப் பயம்கூட இல்லை. காகிதத்திலாவது அவர் நன்றாக இருக்கட்டுமே என்றிருந்தது. அவர் ஐந்து என்று சொல்லச் சொல்ல, அவள் ஒன்றும் இரண்டுமாகப் போட்டு, மடித்து, உறையில் ஒட்டினாள்.

ஒவ்வொரு தடவை மருத்துவமனைக்குப் போகும்போதும் கேட்டுவிடத்தான் நினைத்தாள். முதல் தடவை வாயைத் திறந்து, சாப்பாட்டில் எவ்வளவு உப்பு சேர்க்கலாம் என்று கேட்டாள். அடுத்த தடவை கால் வீக்கத்தைப் பற்றி. அதற்கடுத்த தடவை மறுபடியும் உப்பு. திரும்பி வரும்போது பேருந்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "உப்பு விஷயத்துல இனிமே நமக்குச் சந்தேகமே வராது." வேறு யாராக இருந்தாலும் சத்தம் போட்டிருப்பார்கள். அவர் ஜன்னல் பக்க இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

இன்று ஆராய்ச்சியை இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பதற்கான கையெழுத்து. டாக்டர் சின்ன வயதுக்காரி, வேகமாகப் பேசுகிறவள், உண்மையிலேயே அன்பானவள். பக்கத்தில், படிவங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"மெஷின் ரிப்போர்ட் பாத்தா எனக்கே கவலையா இருக்குப்பா" என்றாள் டாக்டர். "நாலு மாசத்துல பதினொரு ஷாக். இந்த நிலைமையில மத்தவங்க எல்லாரும் ஒடிஞ்சு போயிடுவாங்க. ஆனா உங்க பதில்களைப் பாத்தா ஆச்சரியமா இருக்கு. எங்க பேஷன்ட்ஸ்லயே நீங்கதான் தைரியசாலி."

அவர் புரியாமல் பார்த்தார். "என்ன பதில்மா?"

படிவக்காரப் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பி, உற்சாகமாகப் படித்தாள். "போன மாசம், ஷாக் பத்தின பயம், ஒண்ணு. தூக்கம், ரெண்டு. மூச்சு வாங்குறது, ரெண்டு. இப்படியே வாழ்க்கை ஓடினா எவ்வளவு கஷ்டமா இருக்கும்ங்கிற கேள்விக்குக்கூட ஒண்ணு, கஷ்டமே இல்லன்னு குறிச்சிருக்கீங்க. அதுக்கு முந்தின மாசமும் அப்படியேதான்."

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். முப்பத்தைந்து வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன பொய்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு கைப்பிடிக்கு மேல் தேறாது. இப்போது நாலு மாதப் பொய்யை யாரோ ஒரு பெண் எண் எண்ணாக வாசித்துக்காட்டிவிட்டாள். அவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பாள். வீட்டில் எங்கேயோ தொலைத்துவிட்டு வெகுநாளாகத் தேடிய பொருள் இவள் பீரோவில் இருந்திருக்கிறது என்று தெரிந்தால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார். ஏன் இத்தனை மாதமாக அவளுக்கு வாய் வரவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"என்னப்பா, சரிதானே? நீங்க சொன்னதுதானே?" என்றாள் டாக்டர்.

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். "ஆமாம்மா. நான் சொன்னதுதான். எல்லாம் சரியாத்தான் குறிச்சிருக்கா."

"அப்ப நீட்டிச்சிடலாமா? இன்னொரு சின்ன ட்ரீட்மென்ட் கூட யோசிச்சு வச்சிருக்கேன். நீங்க இவ்வளவு தெம்பா இருக்கறதாலதான் தைரியமாச் சொல்றேன்."

"அவ இஷ்டம்" என்று சொல்ல வாயெடுத்தவர் அதை விழுங்கிவிட்டு, "எங்கம்மா போடணும்?" என்றார்.

டாக்டர் தாளை நகர்த்தி, இடத்தைக் காட்டினாள். அவர் பேனாவை எடுத்தார். முனை தாளைத் தொட்டும் தொடாமலும் நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை போலக் குனிந்து, பெயரின் முதல் எழுத்தை ஆரம்பித்தார். குனிந்ததில் சட்டை இழுபட்டு, நெஞ்சின் மேல் அந்த மேடு சதுரமாகத் தெரிந்தது. இரண்டு வருடம். அவளுக்காக இன்னும் இரண்டு வருடம் உதை வாங்கச் சம்மதித்து, மனுஷன் கோணல் கோணலாக எழுதிக்கொண்டிருந்தார்.

அவள் கையை நீட்டி அந்தத் தாளின்மேல் வைத்தாள். பேனா அவள் விரலில் கோடு இழுத்து நின்றது.

"அவர் சொன்னதை நான் எழுதல டாக்டரம்மா. அவர் அஞ்சுன்னுதான் சொன்னார். எல்லாத்துக்கும் அஞ்சு. நான்தான்..." அவர் "விடுடி" என்று முணுமுணுத்தார். அவள் விடவில்லை. அவருடைய நடுங்கும் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து இறுக்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், டாக்டரை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"இனிமே அது இவரை உதைக்க வேண்டாம். நிறுத்திடுங்க."