துருவக் கரடிக்குப் பத்து மதிப்பெண்

பருவநிலை மாற்றத்தை எல்லா மாணவர்களுக்கும் நடத்தியாக வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தபோது, தென்காசியில் எங்கள் கல்லூரியில் அதற்கு ஆள் இல்லை. எனக்கு வாரத்தில் மூன்று பீரியட் குறைவாக இருந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி; வணிகவியல் வாத்தியாரான என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இணையத்திலிருந்து பன்னிரண்டு பக்கம் நோட்ஸ் எடுத்து, சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். பனிப்பாறை உருகுகிறது, துருவக் கரடி தவிக்கிறது. வெளியே ஆனி மாத வெயில் மண்டையைப் பிளந்தது. குற்றால அருவியில் பாறைதான் தெரிந்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

வடகரை சுகந்தி மட்டும் கட்டுரையில் வேறு எழுதியிருந்தாள். சாரல் பிந்தியதால் அவள் அப்பாவின் கார் பருவ நெல் நடவு பிந்தியதாம். அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டி, நெல் கதிரிலேயே முளைத்துவிட்டதாம். நான்கு வருடத்துக்குத் தேதி போட்டிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கும்மா? நோட்ஸ்ல உள்ளத எழுது."

"எங்க வயல்ல நடந்தது சார். அப்பா சொல்லுதாவ..."

"ஒங்க அப்பாவா பேப்பர் திருத்தப் போறாவ?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சிவப்பு மையால் குறுக்கே அடித்துக் கொடுத்தேன். மறுநாள் கரடியோடு எழுதி வந்தாள். பத்துக்குப் பத்து போட்டேன்.

அடுத்த வருடம் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு மேற்படிப்பைத் தொடங்கியது. செலவு முழுக்க அவர்களுடையது. தென்காசி வட்டாரத்துக்கு ஒரே ஓர் இடம். கிடைக்காவிட்டால் செங்கோட்டையில் ஜவுளிக்கடை வேலை என்று சுகந்தி வீட்டில் சொல்லியிருந்தார்கள். நேர்காணல் எங்கள் கல்லூரியில்தான் நடந்தது. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்க ஊர்ல என்னம்மா மாறியிருக்கு?" என்று கேட்டார், பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த அம்மா.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நெல்லைச் சொல்லு தாயி என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பனிப்பாறையில் தொடங்கினாள்.

இடம் கடையநல்லூர் ஜுஹைனாவுக்குப் போனது. அந்தப் பெண் தன் தெருவில் நெசவுத் தறிக்குழிக்குள் வெள்ளம் ஏறியதைச் சொன்னாள்.

பட்டியல் வந்த அன்று சுகந்தி என்னைத் தேடி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எம்மேலதான் சார் தப்பு. நோட்ஸ்ல மூணாவது பக்கத்துல ஒரு வரிய விட்டுட்டேன்."

தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"பரவால்லம்மா, போ" என்றேன்.