துரைக்கு நாலு வாசல்

அன்றைக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து திரும்பியபோது அவன் பைக்குள் ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு நாய்க்குட்டி இருந்தது. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் விழுந்து கத்திக்கொண்டிருந்ததாம். உடம்பெல்லாம் கிரீஸ்.

"இருக்கிற ஒரு ரூம்ல நமக்கே காலை நீட்ட இடமில்ல. இதுல இது வேறயா?" என்றாள் அவன் மனைவி.

"ஒரு செருப்பு வைக்கிற இடம் போதும் அதுக்கு. ரெண்டு நாள் பார்ப்போம்."

முதல் நாள் மூக்கைச் சுளித்துக்கொண்டே குளிப்பாட்டினாள். மூன்றாம் நாள் அது அவள் புடவைத் தலைப்பின்மேல் தூங்கியது. அதை எழுப்ப மனசில்லாமல் அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டாள். அதன்பிறகு ரெண்டு நாள் கணக்கை யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் படியில் மெக்கானிக்கின் காலடிச் சத்தம் கேட்டதும் நாய் எழுந்து கதவோடு ஒட்டி நிற்கும். இவள் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

ரெண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒருநாள் அவன் லிஃப்ட்டின் மேல்தட்டில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். உடம்பை வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை. அங்கிருந்தே எடுத்துப் போனார்கள்.

நாய்க்கு இதை யார் சொல்வது? அது தினமும் சாயங்காலம் கதவருகே போய் நின்றது. எதிர்வீட்டுக்காரர் படியேறினாலும் எழுந்தது, தண்ணீர் கேன் போடுகிறவன் வந்தாலும் எழுந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தன் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"இதை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுண்ணா. அது எழுந்து நிக்கிறப்பல்லாம், அவர்தான் வந்துட்டாருன்னு ஒரு நொடி எனக்கும் தோணுது. அப்புறம் இல்லைன்னு ஆகுது. ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் நான் அவரைப் பறிகொடுக்கிறது?"

அண்ணன் தனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறையில் கொண்டுபோய்க் கட்டினான். அவள் வாசல்வரைகூட வரவில்லை. நாய் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

பட்டறைக்காரனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. வேளாவேளைக்குச் சோறு போட்டான். ஆனால் நாய் என்பது அவனைப் பொறுத்தவரை பூட்டு மாதிரி ஒரு சாமான். பூட்டுக்குப் பேர் வைப்பார்களா, தடவிக் கொடுப்பார்களா? இரும்புத் தூணில் ஒரு முழச் சங்கிலி. மூன்று வருஷம் அந்த ஒரு முழம்தான் அதற்கு உலகம். பொறி தெறித்து முதுகில் இடையிடையே முடி கருகிப்போனது. வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து இடது கண்ணில் வெள்ளை படர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டியிருந்த நேரத்தில், பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு ரெண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு ரொட்டி போட்டு, காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்தான். மூன்று வருஷத்தில் முதல்தடவையாக ஒரு கை அதைத் தொட்டது. நாய் கண்ணை மூடிக்கொண்டது. மற்றவன் கேஸ் சிலிண்டர்களையும் மெஷினையும் வண்டியில் ஏற்றினான்.

எதிர்க்கடை கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. பட்டறைக்காரன் பார்த்தான்.

"குரைக்கலைன்னாகூடப் பரவாயில்ல. வாலாட்டி வழியனுப்பி வச்சிருக்குய்யா!"

கையில் கிடைத்த கம்பியால் அடித்தான். பின்னங்கால் ஒடிந்தது. பிறகு அவனே சங்கிலியை அவிழ்த்துத் தெருவில் விட்டான்.

நொண்டி நொண்டி ரெண்டு தெரு தாண்டி ஒரு வீட்டுக் கேட்டுக்கு முன்னால் படுத்தது. அது ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவின் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். முப்பத்தைந்து வருஷம் ஊரெல்லாம் பேச இணைப்புக் கொடுத்துவிட்டு, இப்போது பேச ஆளில்லாமல் இருந்தார்.

"சொல்லுங்க துரை, யார் வேணும் உங்களுக்கு?" என்றார் கேட்டைத் திறந்து. அந்த 'துரை'தான் பேராயிற்று.

காலுக்குக் கட்டுப் போட்டார். ஆனாலும் அந்தக் காலை அது தரையில் ஊன்றவே இல்லை. உள்ளே சேர்த்தார். பகல் முழுக்க அதனிடம் பேசினார். "துரைக்குச் சோறு லேட்டாகும், கொஞ்சம் லைன்ல இருங்க" என்பார் அடுப்படியிலிருந்து. நாலு வருஷம். நாய் தன் வாழ்நாளில் மல்லாந்து படுத்துத் தூங்கியது அந்த வீட்டில்தான்.

முதலில் சாவியை மறந்தார். பிறகு சாப்பிட்டோமா என்பதை மறந்தார். சில நாள் துரைக்கு மூன்று தடவை சோறு விழும், சில நாள் ஒன்றுமே விழாது. பசித்தாலும் அது அவர் காலடியிலேயே கிடந்தது. ஒருநாள் காலையில் அவர் சமையலறைக்குள் நுழைந்து அதைப் பார்த்து அலறினார்.

"ஐயோ, நாய்! வீட்டுக்குள்ள நாய் பூந்துடுச்சு!"

விளக்குமாற்றால் அடித்தார். துரைக்குப் புரியவில்லை. விளையாட்டாக்கும் என்று வாலை ஆட்டியது. அடி பலமாக விழுந்ததும் வெளியே போய் கேட்டருகே உட்கார்ந்தது. ஒரு மணி நேரத்தில் அவர் துரத்தியதையே மறந்துவிட்டு, "துரை, எங்க போயிட்டீங்க?" என்று தேடி வந்தார். அது ஓடி வந்து அவர் கையை நக்கியது. மத்தியானம் மறுபடி அடித்தார். ஆறு மாதம் இப்படியே. எந்த நேரம் எந்த அம்மா வருவார் என்று தெரியாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகியது துரை.

முதியோர் இல்லத்தில் சேர்க்க அவர் தம்பி மகள் வந்தாள். காரில் ஏற்றும்போது துரை அவர் புடவையில் மூக்கை வைத்து உரசியது.

"அத்தை, உங்க துரை. ஒருதடவை தடவிக் குடுங்க."

"யார் வீட்டு நாய்ம்மா இது? எனக்கு நாய்னாலே பயமாச்சே, தள்ளிப் போகச் சொல்லு."

அந்த இல்லத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. தம்பி மகள் இருந்தது பதினாலாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட்டில். கார் கிளம்பியது. மூன்று காலால் துரை பெரிய ரோடுவரை ஓடியது. "நிறுத்தாதீங்க, போங்க," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தை ஜன்னல் வழியாகக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு ஒரு நர்ஸ் வாடகைக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே எலும்பும் தோலுமாய்க் கிடந்த நாயைப் பார்த்துச் சோறு வைத்தாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அது தின்றது. கேட்டைத் தாண்டி வர மூன்று வாரம் ஆயிற்று.

பேர் துரை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தாள். சட்டென்று எழுந்தது. வாலெல்லாம் நடுங்க, அவளைத் தாண்டி வீட்டுக்குள் ஓடியது. ஒவ்வொரு அறையாக, கட்டிலுக்கு அடியில், குளியலறைக் கதவுக்குப் பின்னால் என்று தேடிவிட்டு வந்து நின்றது. அதற்குமேல் அவள் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை.

அது சோற்றைத் தொடாமலானதும் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"கிட்னி ரெண்டும் போயிடுச்சும்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

"வலிக்குமா சார்?"

"பக்கத்துல இருங்க. அதான் வைத்தியம்."

இருக்கத்தான் பார்த்தாள். ஐ.சி.யூ.வில் ரெண்டு நர்ஸ் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், லீவு கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க முன்பின் தெரியாத யார் யாரோ கண் மூடும்போது அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வீடு திரும்பினாள். நாய் அடுப்படி ஓரத்தில், அவள் விரித்துப்போட்ட போர்வையை விட்டுத் தள்ளி, வெறுந்தரையில் கிடந்தது. உடம்பு விறைத்திருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் அப்படியே இருந்தது. யூனிஃபார்மோடு அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் வழக்கமாகச் செய்கிறபடி, திறந்திருந்த கண்களை விரலால் மூடிவிடப் பார்த்தாள். வெள்ளை படர்ந்த இடது கண் மூடியது, வாசலைப் பார்த்திருந்த வலது கண் மூட மறுத்தது.