கூத்தில் பார்த்த மாப்பிள்ளை

விடிந்ததிலிருந்து மங்கம்மா அந்தத் தொப்பியை ஒளித்துக்கொண்டிருந்தாள். கோழிக்கூண்டுக்குள் வைத்தாள், கோழிகள் போட்ட கூச்சலில் கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் கூலி லைன் முழுக்கத் தெரிந்துபோயிற்று. பாய்க்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்து பார்த்தாள். அது தலைக்கு ஆன வஸ்துவே தவிர, உட்கார ஆனதில்லை. கடைசியில் விறகுக்குள் திணித்தாள். முன்புறம் களிமண் அப்பி மெழுகுவர்த்தி செருகுகிற சுரங்கத் தொப்பி, அவள் மகன் காத்தவராயனுடையது.

போன ஆடியில் குடியாத்தம் பக்கம் கூத்துப் பார்க்கப் போனதுதான் வினை. துகிலுரியும் கட்டத்துக்குச் சற்று முன்னால் கோமாளிக் கட்டியக்காரன் 'கோலார் மாப்ளே' என்று வேஷம் கட்டி வந்தான். தொப்பியில் எரியும் வர்த்தி, முழங்காலை மடக்கி எழும்பி எழும்பி ஒரு நடை, வாயைத் திறந்தால் ஷிப்டு, கேஜு, லெவலு என்று சுரங்கப் பேச்சு. மெழுகு மூக்கில் ஒழுகியபோது சனம் உருண்டு சிரித்தது. சிரித்த வாயோடு பாதிப்பேர் மங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே பேசி வைத்திருந்த பெண்ணும் அதோடு கைநழுவிப் போனாள். காரணம் யாரும் சொல்லவில்லை. மங்கம்மாவுக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. காத்தவராயனின் கூட்டாளிகளெல்லாம் கல்யாணமாகி, பிள்ளைக்கு மொட்டையும் போட்டுவிட்டார்கள்.

இன்று அதே குடியாத்தம் பக்கத்து எல்லப்பன், தன் பெண்ணுக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்.

"டேய், ஷிப்டு கிப்டுன்னு வாயத் தொறந்தே, அவ்ளோதான். ஏர் ஓட்றவன் மாரி குந்து."

"ஏரு எந்தப் பக்கம் புடிக்கணும்னே எனக்குத் தெரியாதும்மா."

எல்லப்பன் வந்தார். காப்பித் தண்ணி குடித்தார். வெள்ளை வேட்டியில் விறைத்திருந்த காத்தவராயனை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இது? நம்மூர்ல கழனிக்குக் கழனி இந்த மாரி ஆளுங்கதான் நின்னுகினு கீறாங்க. இதுக்கா நான் ரயிலு ஏறி வந்தேன்?"

மங்கம்மா காலித் தம்ளரை எடுத்து, அதையே மறுபடி அவரிடம் நீட்டினாள்.

"எம் பொண்ணு கூத்து பாத்துட்டு, கட்டிகினா கோலாருக்காரனத்தான்னு நிக்கிறா. அந்தத் தொப்பி எங்க? அந்த நடை எங்க?"

தட்டிக்கு அப்பால் அடுத்த வீட்டு வெங்கடம்மா களுக்கென்று சிரித்தாள். "வெறவுல கீது, மங்கம்மா!"

வேறு வழியில்லை. தொப்பி வெளியே வந்தது. காத்தவராயன் சிலந்திவலையைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டான். அவன் அந்தக் கூத்தைப் பார்த்ததே இல்லை.

"எப்பிடி நடக்கணுங்க?"

எல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். முழங்காலை மடக்கினார், எழும்பினார், மடக்கினார். அவரைப் பார்த்துக் காத்தவராயன் நடந்தான். முதலில் கூச்சத்தோடு, பிறகு வெங்கடம்மாவும் அவள் பின்னால் கூடியவர்களும் கைதட்டத் தட்ட, கொஞ்சம் துள்ளலோடு.

"அதே ஆளும்மா!" எல்லப்பன் தொடையில் தட்டினார். "தாம்பூலம் எடு."

எதற்காக ஏங்கினாளோ அது கிடைத்துவிட்டது. மங்கம்மாவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் எங்கோ போய்விட்டது. பிறந்ததிலிருந்து அவள் மகன் அப்படி நடந்ததில்லை.

சுரங்கத்தின் மத்தியானச் சங்கு ஊதியது. "ஷிப்டுக்கு நேரமாச்சும்மா," என்று காத்தவராயன் தாராளமாகவே சொல்லிவிட்டுக் கிளம்பினான். எல்லோர் கண்ணும் முதுகில் இருக்க, அதே நடை. சந்து திரும்பியதும் ஆள் மறைந்தான். இனி யார் பார்க்கப் போகிறார்கள், தன் நடைக்குத் திரும்பியிருப்பான் என்று மங்கம்மா வெற்றிலைத் தட்டோடு எட்டிப் பார்த்தாள்.

தட்டிகளின் தலைக்கு மேலே தொப்பி மட்டும் தெரிந்தது. சுரங்கம் இருந்த திக்கில் அது ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.