நிழல் கணக்கு

எங்கள் வானிலை அலுவலகத்தில் வெப்பமானி வெயிலில் இருக்காது. வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், காற்றோட்டமாக, நிழலில் இருக்கும். அதைப் பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. தினமும் பத்திரிகைக்காரர் ஒருவர் போன் செய்து கேட்பார், சொல்வேன். மறுநாள் அது 'நூற்றாண்டின் கொலைகார வெயில்' என்று, எந்த நாட்டுப் பாலைவனத்தின் படத்தோடோ வந்து நிற்கும். பாழாய்ப்போன மனுஷன், எல்லா வருஷமும் அதே படத்தைத்தான் போடுவார்.

என் அண்ணனுக்குக் கூரையில் தகரம் அடிக்கிற வேலை. நாற்பத்திரண்டு டிகிரி, வெளியே வராதீர்கள் என்று பேப்பரில் வந்த அன்று, ஒரு வெப்பமானி வாங்கிக் கூரைமேல் வைத்துப் பார்த்திருக்கிறான். ஐம்பத்து மூன்று. சும்மா இருப்பானா? கூட்டாளியையும் இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான். ஐம்பத்து மூன்றில் நின்று ஆணி அடித்தவனிடம் நாற்பத்திரண்டை வைத்துப் பூச்சாண்டி காட்டுகிறீர்களா என்று ஒரே சிரிப்பு. நாங்களும் பேப்பர்காரனும் சேர்ந்து ஊர் காதில் பூ சுற்றுகிறோமாம்.

தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். எங்கள் அளவு நிழலுடையது, கூரையில் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும், எங்கேயும் ஒரே மாதிரி நிழலில் அளந்தால்தான் வருஷத்துக்கு வருஷம் ஏறுவது தெரியும் என்றேன். அண்ணன் சிரிப்பை நிறுத்தினான்.

"நிழல்ல நிக்கிறவனுக்கு எதுக்கு எச்சரிக்கை? கூரை மேல எவ்வளவுன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவன் கேட்டது நியாயம் என்பதால் வந்த எரிச்சல்.

அடுத்த வாரம் ஒரு நாள் பெட்டிக்குள்ளேயே நாற்பத்தாறு வரைக்கும் போகும் என்று தெரிந்தது. அன்று காலையிலேயே அண்ணனுக்குப் போன் செய்து, இன்றைக்கு மட்டும் ஏறாதே என்று கெஞ்சினேன். அந்த நாற்பத்தாறை உன் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். மத்தியானம் கூரையிலேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன். அப்போதும் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதப் போனார். வெயில் என்று எழுதச் சொல்லிச் சண்டை பிடித்தேன். வீட்டார் கேட்டால் பரிசோதித்துப் பார்த்து எழுதலாம் என்று அவரும் இறங்கி வந்தார். அண்ணிதான் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"வேணாம்மா. வெயிலெல்லாம் புருடான்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்ச மனுஷன். செத்த பிறகும் நாலு பேர் சிரிக்கணுமா? மாரடைப்பாவே இருக்கட்டும்."

மாரடைப்பு என்றே எழுதினார்கள்.

மறுநாள் பேப்பரில் அதே பாலைவனப் படம். அதன் கீழே, நேற்றைய வெயிலுக்கு ஊரில் உயிர்ச்சேதம் இல்லை என்று இரண்டே வரி. துக்கத்துக்கு வந்த கூட்டாளி அதை அண்ணி முன்னால் விரித்துக் காட்டினான்.

"அண்ணன் சொன்னதுதான் சரி அண்ணி. பாருங்க, வெயில்ல ஒருத்தரும் சாகல."

அண்ணி என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள்.