பரிசு வாங்கிய விசில்

திடீரென்று விசில் கேட்டது. பழைய குற்றாலத்துக்கு மேலே, ஓடைப் பாறையில் கால் வைத்த சுகந்தி அப்படியே நின்றாள்.

சீகார்ப் பூங்குருவி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் வாயில் வந்த மெட்டை விசிலடித்துக்கொண்டு போவது போல, தொடக்கமும் முடிவும் இல்லாத பாட்டு. சுகந்தியின் ஆராய்ச்சியே அந்தப் பறவைதான். கேட்டால் மனசு துள்ள வேண்டும். ஆனால் பாட்டின் பின்னாலேயே போலீஸ் மைக் ஒன்று கரகரத்தது. "பழைய குற்றாலத்தில் குளிக்கும் பெண்கள் வரிசையில் வரவும்..."

அவள் கீழே எட்டிப் பார்த்தாள். சாரல் நின்றுபோய் அருவி நூலாக விழுந்துகொண்டிருந்தது. கூட்டமும் இல்லை, போலீஸும் இல்லை, மைக்கும் இல்லை.

"அக்கா, இது நம்ம ரெக்கார்டிங்லா?" என்றாள் பின்னால் வந்த பாஹிமா. தென்காசிக்காரி; அதே பேராசிரியரிடம் சுகந்திக்கு அப்புறம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள்.

அதேதான். கவுகாத்தியில் நடந்த பறவையியல் மாநாட்டில், இளம் ஆய்வாளர்களுக்கான சிறந்த உரைப் பரிசை அவளுக்கு வாங்கிக் கொடுத்த ஒலித்துண்டு. அருவிக் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே பறவை எப்படிக் குரலை ஏற்றுகிறது என்று காட்டுவதற்காக மைக் சத்தத்தை வெட்டாமல் விட்டிருந்தாள். அரங்கமே சிரித்துக் கைதட்டியது.

கூடு இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது பறவைக்காரர்களின் எழுதாத சட்டம். அதற்காக வரைபடத்தில் ஊர்ப் பெயரை அழித்தாள். படத்தில் பாறையை மங்கலாக்கினாள். மைக்கில் வந்த ஊர்ப் பெயர் மட்டும் அவளுக்கு உறைக்கவே இல்லை. இரைச்சலை இரைச்சலாகவே கேட்டுப் பழகிய காது. அதோடு, அங்கே யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற அசட்டை.

முன்வரிசையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவருக்குப் புரிந்திருந்தது.

பாறையைச் சுற்றிப் போனால், முக்காலியும் பீரங்கி மாதிரி லென்ஸுமாகக் கந்தவேல் நின்றுகொண்டிருந்தார். கோயமுத்தூரில் பம்பு செட் கம்பெனி வைத்திருப்பவர். இளம் ஆய்வாளர்களுக்குப் பயண உதவித்தொகை கொடுக்கும் அறக்கட்டளையின் தலைவர். சுகந்தியை விமானத்தில் ஏற்றியதும் அவர்தான், மேடையில் கேடயம் கொடுத்ததும் அவர்தான். காலடியில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது.

எதிரே ஆண் பறவை படபடத்தது. அலகில் மண்புழு தொங்கியது. தன் எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டுக்குப் போகாமல் ஸ்பீக்கரையே சுற்றிச் சுற்றி வந்தது.

"அட, நம்ம சுகந்தி! வா கண்ணு, வா. நீ போட்ட பாட்டுக்கு எப்படி ஆடுது பாரு!"

சுகந்தி சிரித்தாள். சிரித்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

"சார், அத ஆஃப் பண்ணுங்க" என்றாள் பாஹிமா. "கூட்டுல குஞ்சு கெடக்கு. இர குடுக்க விடாம நிக்கிய."

"யாரு கண்ணு இது? சூடா இருக்குதே."

"என் ஜூனியர் சார்."

"பேரு?"

சுகந்தி வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "பாஹிமா. ஒங்க உதவித்தொகைக்கு இந்தத் தடவ நானும் போட்டிருக்கேன். அது கெடைக்காட்டாலும் பரவால்ல, மொதல்ல இத ஆஃப் பண்ணுங்க."

"அப்படிங்களா" என்றார் கந்தவேல். அந்தப் பெயரை மனசில் எழுதிக்கொண்டது முகத்தில் தெரிந்தது. குனிந்து ஸ்பீக்கரை நிறுத்தினார். "நிறுத்தியாச்சு, போதுமா? ஆனா கண்ணு, பாட்டு இல்லாம படம் எடுக்கோணும்னா கூடு எங்கன்னு தெரியோணுமல்லோ. நீதான் காட்டோணும்." லென்ஸைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "லிஸ்பன் மாநாட்டுக்கு ஒருத்தரத்தான் அனுப்புறோம். வெள்ளிக்கிழமை கமிட்டி. உன்ற பேரைத்தான் சொல்லலாம்னு இருக்கறேன்."

லிஸ்பன். அங்கே ஒரு ஆய்வகத்துப் பேராசிரியை, "நேரில் வா, பேசலாம்" என்று எழுதியிருந்தார். அது நடக்காவிட்டால் சுரண்டையில் அப்பாவின் உரக்கடை. "குருவி பாத்தது போதும், கல்லாவுல வந்து ஒக்காரு" என்று அப்பா சங்கரபாண்டி வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

பறவை புழுவோடு பாறை இடுக்குப் பக்கம் பறந்தது. ஆளைக் கண்டு மிரண்டு திரும்பி வந்தது.

"யக்கா, சொல்லாதீங்க. இவரு போட்டோவப் போட்டாருன்னா நாளைக்கே கேமராவத் தூக்கிட்டு ஊர்ப்பட்ட பேரு வேன் புடிச்சு வருவானுவோ."

"ஏட்டி, நீ கீழ போயி வண்டிகிட்ட நில்லு."

"நானா?"

"போன்னு சொல்லுதேன்லா!"

பாஹிமா அவளையே பார்த்தாள். "அப்ப மேடையில படத்த மங்கலாக்குனது குருவிக்காக இல்லையாக்கா? பரிசுக்குத்தானா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறையில் இறங்கினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கந்தவேல் அவசரப்படவில்லை. பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக் குடித்தார். பாஹிமாவின் தலை மரங்களுக்குள் மறையும்வரை சுகந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்திக்கொண்டு அவர் கேமரா பையைத் தன் தோளில் மாட்டினாள்.

"சார், முக்காலிய இங்கன தூக்கிட்டு வாங்க, இங்கன நின்னா குஞ்சு வாயத் தொறக்கதே தெரியும்."